அந்தக் கேமரா எனக்கு வேண்டாம் என்று ஏன் சொன்னேன்

மடிப்பாக்கம், சென்னை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில், "அந்தப் பழைய கேமராவை யாருக்காவது கொடுத்துவிடும்மா, தொழில்முறைக்காரர்கள் வைத்திருக்கும், லென்ஸ் மாற்றும் மிரர்லெஸ் கேமராவையே வாங்கித் தருகிறேன்" என்றாய். நான் வேண்டாம் என்றதும் உன் குரல் இறங்கிவிட்டது. பணத்துக்காகத் தயங்குகிறேன் என்று நீ எண்ணியிருப்பாய். கேமராவும் லென்ஸும் சேர்ந்தால் ஐந்து லட்சத்தைத் தாண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த நினைப்பு மனத்தில் இல்லை என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் நான் மறுத்ததற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. தொலைபேசியில் அவற்றைக் கோவையாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால், உன் சித்தி மகன் தன்னுடைய சோனி ஆல்ஃபா 1 கேமராவையும் 200–600 மி.மீ. லென்ஸையும் இரண்டு வாரம் என்னிடம் கொடுத்து வைத்திருந்தான். கல்யாண வேலைக்கு வாங்கியதுதான் என்றாலும், பறவை எடுக்கும் ஆசை அவனுக்கும் உண்டு. அந்த இரண்டு வாரமும் அதையும் என்னுடைய பழைய கேமராவான நிக்கான் பி900-ஐயும் சேர்த்தே எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும், இரண்டு முறை கேளம்பாக்கம் கழிவெளிக்கும் போய்வந்தேன். ஆகவே நான் சொல்லப்போவது கடைக்காரர் சொல்லிக் கேட்டதன்று. ஒரே பறவையை, ஒரே இடத்தில் நின்று, இரண்டிலும் எடுத்துப் பார்த்தபின் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். படத்தின் தரத்தில் என் கேமரா அதன் பக்கத்தில் நிற்க முடியாது. சதுப்பு நிலத்தின் ஓரத்தில் ஒரு பச்சைக்காலி, கணுக்கால் அளவு நீரில் நின்று, சற்றே மேல்நோக்கி வளைந்த அலகால் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. பி900-இல் ஜூமை முழுவதும் இழுத்தேன். பறவை சட்டத்தை நிறைத்தது. சோனியில் அது நடுவில் ஒரு கைக்குட்டை அளவுக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் சோனி படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி, இரண்டையும் அருகருகே வைத்தேன். என் படத்தில் முதுகு இறகுகள், ஈரத் தாளில் வைத்த வாட்டர் கலர் போல ஒன்றோடொன்று கலந்திருந்தன. சோனியின் படத்தில் ஒவ்வோர் இறகுக்கும் ஓரத்தில் ஓடிய வெண்ணிறக் கோடு தனித்தனியாகத் தெரிந்தது. பெரிதாகக் காட்டியது என் கேமரா. விவரத்தைப் பிடித்தது அது.

இது ஏன் என்று உனக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவள் அல்லவா. பி900-இன் பெட்டியில் 83 மடங்கு ஜூம், 24 முதல் 2000 மி.மீ. வரை என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த 2000 என்பது, பார்வைக் கோணத்தை முழுச்சட்டக் கேமராவோடு (பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவே சென்சார், அதாவது ஒளியைப் பதியும் சில்லு, உள்ளது) ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு. லென்ஸின் உண்மையான குவியத்தூரம் அதிகபட்சம் 357 மி.மீ.தான். அந்த நிலையில் அதன் எஃப் எண், அதாவது குவியத்தூரத்தை ஒளி நுழையும் வாயிலின் விட்டத்தால் வகுத்தால் வருவது, 6.5. 357-ஐ 6.5-ஆல் வகுத்தால், ஒளி நுழையும் வாயில் ஏறத்தாழ 55 மி.மீ. விட்டம். சித்தி மகனின் லென்ஸில் 600-ஐ 6.3-ஆல் வகுத்துப் பார், 95 மி.மீ. வருகிறது. பரப்பில் மூன்று மடங்கு. அதாவது, அந்தப் பச்சைக்காலியின் உடம்பிலிருந்து புறப்பட்டு வரும் ஒளியில், என் கேமரா ஒரு படி அள்ளினால் அது மூன்று படி அள்ளுகிறது. எத்தனை மெகாபிக்சல் என்ற கேள்வி இதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

விளிம்பு விளைவை மேல்நிலை வகுப்பில் நானே உனக்கு நடத்தினேன், நினைவிருக்கிறதா? சிறிய வாயில் வழியே போகும் ஒளி ஒரு புள்ளியில் குவியாமல் சிறு வட்டாக விரிந்துவிடும். எஃப் 6.5-இல் அந்த வட்டின் விட்டம் 9 மைக்ரானுக்குச் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சற்றே குறைவு. என் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 1.3 மைக்ரான்தான், ஆகவே ஒரே புள்ளி ஆறேழு பிக்சல்களின் மேல் பரவி விழுகிறது. 16 மெகாபிக்சல் இருந்தும் அவற்றில் பெரும்பகுதிக்குத் தனியாகச் சொல்ல விஷயம் எதுவும் கிடைப்பதில்லை. சோனியின் பிக்சல் 4 மைக்ரானுக்குச் சற்று மேல். அங்கே ஏறத்தாழ அதே அளவு வட்டு சுமார் இரண்டு பிக்சலில் அடங்கிவிடுகிறது. 50 மெகாபிக்சலில் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தும், மிஞ்சிய நாலரை மெகாபிக்சல் என் பதினாறை வென்றது இதனால்தான். 2018-இல் வந்த பி1000, ஜூமை 3000 வரை நீட்டியது. அங்கே எஃப் எண் 8 ஆகிவிடுகிறது. எண்ணைப் பார்த்து மயங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நகரும் பறவைக்கு வந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி, ரேடியல் சாலையை ஒட்டிய நீர்ப்பரப்பின் மேல் ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்று, குறி பார்த்து, கல் விழுவதுபோல் விழும். என் கேமரா நொடிக்கு ஏழு படம் எடுக்கும். ஆனால் அந்த ஏழோடு மூச்சு வாங்கிக்கொண்டு, அவற்றை நினைவட்டையில் எழுதி முடிக்கும் வரை கண்ணில் எதையும் காட்டாது. மூன்று காலை முயன்றதில் என்னிடம் இருப்பவை நீர் வளையங்கள் மட்டுமே. சோனி நொடிக்கு முப்பது வரை எடுக்கிறது, இடையில் வியூஃபைண்டர் இருட்டுவதே இல்லை. பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஒரு சிறு சதுரம் அதன் மேல் ஒட்டிக்கொண்டு கூடவே பயணிக்கிறது. அலகு நீரைத் தொடும் நொடி, கண்ணில் வானத்தின் வெளிச்சப் புள்ளியோடு எனக்குக் கிடைத்தது. அந்தப் படத்தை உனக்கு அனுப்பியிருந்தேன். நீ இந்தப் பரிசை யோசித்ததே அதைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் வேண்டாம் என்கிறேன் என்று கேட்பாய்.

நான் அங்கே போவது எதற்கு என்று யோசித்துப் பார். 2022-இல் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து, எந்தப் பறவை எந்த வாரம் வந்தது, எத்தனை வந்தது என்று நோட்டில் குறித்து வருகிறேன். ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும்போதும் எங்கள் குழுவுக்கு வேண்டியது அடையாளம்தான். சுவரில் மாட்டும் படம் தேவையில்லை. தூரத்தில் நிற்பது பவளக்காலியா பச்சைக்காலியா என்று காலின் நிறத்தைப் பார்த்து அந்த இடத்திலேயே தீர்மானிக்க வேண்டும். அதற்கு என் கேமரா ஒரு தொலைநோக்கியாகவே பயன்படுகிறது. ஜூமை இழுத்தால் கால் சிவப்பா பச்சையா என்பது வியூஃபைண்டரிலேயே தெரிந்துவிடும். சோனியில் வீட்டுக்கு வந்து வெட்டிப் பார்த்தபின்தான் சில பறவைகளின் பெயரை நான் எழுத முடிந்தது. அதற்குள் அவை எண்ணிக்கையில் விட்டுப்போயிருந்தன. அதே நிமிடத்தில் ஜூமைச் சுருக்கினால், சதுப்பு நிலமும் அதன் பின்னால் பெருங்குடிக் குப்பை மேடும் ஒரே சட்டத்துக்குள் வரும். அந்தப் படமும் எனக்கு வேண்டும். பெரிய லென்ஸை மாட்டியிருந்த நாட்களில், பக்கத்தில் வந்து உட்கார்ந்த கொக்கைக்கூட முழுதாக எடுக்க முடியவில்லை.

அடுத்தது எடை. பி900 பேட்டரியோடு 899 கிராம். சோனி 737, லென்ஸ் 2115. ஆக 2852 கிராம். மூன்று மடங்குக்கு மேல். என் வலது தோள் தூக்க முடியாமல் போய், நாலு மாதம் பிசியோதெரபிக்கு அலைந்தது உனக்குத் தெரியும். முதல் நாள் கேளம்பாக்கத்தில் மின்கம்பத்தின் மேல் மீனோடு உட்கார்ந்திருந்த விராலடிப்பானை எடுக்கக் கேமராவைத் தூக்கினேன். அது மீனைக் கிழித்துத் தின்று முடிக்கும் வரை என்னால் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாளிலிருந்து முக்காலி வேண்டியிருந்தது. முக்காலியோடு ஓ.எம்.ஆர். பேருந்தில் ஏறினால், நடத்துநர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் பக்கத்தில் நிற்பவர் காலில் இடிக்கிறது. இரண்டாவது வாரத்தில் இரண்டு நாள், இதையெல்லாம் தூக்க வேண்டுமே என்று எண்ணி நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், அந்த இரண்டு நாளும் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

பராமரிப்பையும் சொல்லிவிடுகிறேன். கடற்காற்றும் ஈரமும் உள்ள ஊர் இது. முன்பு வைத்திருந்த கேமராவின் லென்ஸில் ஒரு மழைக்காலத்தில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்து, பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் கண்ணாடியைக் கீறித் திருப்பித் தந்தார்கள். அன்றிலிருந்து சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில்தான் வைக்கிறேன். பெரிய லென்ஸுக்கு அந்த டப்பா போதாது. ஈரம் அடக்கும் மின் அலமாரியே வாங்க வேண்டும். ஆனால் அந்த லென்ஸின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: ஜூம் செய்தாலும் அதன் நீளம் மாறாது, எல்லா அசைவும் உள்ளேயே நடக்கிறது. என்னுடையது ஒவ்வொரு முறை நீளும்போதும் வெளிக்காற்றையும் தூசியையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

வெயில் ஏறினால் இரண்டும் ஒன்றுதான். காலை ஒன்பது மணிக்கு மேல் நீரின் மேல் காற்று சூடாகித் தளதளக்கத் தொடங்கிவிடும். தூரத்துப் பூநாரைக் கூட்டம் இரண்டு கேமராவிலும் இளஞ்சிவப்புக் கறையாகத்தான் விழுந்தது. எந்த விலைக் கண்ணாடியாலும் இதைத் தாண்ட முடியாது. சீக்கிரம் எழுந்து போவதுதான் வழி.

இப்போது நான் உண்மையில் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். மிரர்லெஸ் உன் வீட்டில் இருக்க வேண்டிய பொருள். குழந்தையின் அரங்கேற்றம் அடுத்த வருடம் என்றாய். போன நவராத்திரியில் அவள் ஆடிய படங்களை நீ கைபேசியில் எடுத்து அனுப்பினாயே, ஒன்றிலாவது அவள் விரல்கள் முத்திரையாகத் தெரிந்தனவா? மேடை வெளிச்சத்தில் சென்சாரின் அளவுதான் பேசும். முழுச்சட்ட சென்சார் 36-க்கு 24 மி.மீ.; என் கேமராவின் சென்சார் ஏறத்தாழ 6.2-க்கு 4.6. பரப்பை வகுத்துப் பார்த்தால் முப்பது மடங்குக்கு மேல் வரும். தொலைவில் மூன்று மடங்காகச் சுருங்கிய வித்தியாசம், அரங்குக்குள் இரண்டிலும் ஒரே எஃப் எண்ணில் எடுக்கும்போது முழு முப்பதாக நிற்கும். ஆடும் பெண்ணின் அடவை உறைய வைக்க நொடியில் 250-இல் ஒரு பங்காவது ஷட்டர் வேண்டும். என் பி900-இல் அந்த வேகத்தில் எடுத்தால் முகம் முழுக்க மணல் தூவியதுபோல் ஆகிவிடும்.

ஆனால் உனக்கும் ஆல்ஃபா 1 தேவையில்லை. முழுச்சட்டத்தில் அதைவிட எளிய கேமரா ஒன்றும், 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் போதும். அந்த லென்ஸ் 371 கிராம்தான். ஒன்றை மட்டும் வாங்குமுன் கேட்டுக்கொள். ஓசையில்லாத மின்னணு ஷட்டரை எளிய கேமராக்களில் மேடையில் பயன்படுத்தினால், சென்சார் மெதுவாக வரிவரியாகப் படிப்பதால் வேகமாக நகரும் கை வளைந்து விழும்; எல்.இ.டி. விளக்கு துடித்தால் படத்தில் பட்டைகளும் வரும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கின்றன. ஆகையால் சாதாரண ஷட்டரையே போட்டு, துடிப்பைக் கணக்கிட்டு எடுக்கும் வசதி உள்ளதா என்று பார்த்து வாங்கு. ஆல்ஃபா 1 போன்றவற்றில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அந்த விலைக்கு அதுவும் ஒரு காரணம். குழந்தையின் நடனத்துக்கு அவ்வளவு செலவு வேண்டியதில்லை.

எனக்கு ஏதாவது வாங்கியே தீர வேண்டும் என்று உனக்கு மனம் கேட்காவிட்டால், என் கேமராவுக்கு இன்னொரு பேட்டரியும் எடை குறைந்த ஒற்றைக்கால் தாங்கி ஒன்றும் வாங்கி வா. என் பேட்டரி இப்போது எட்டு மணிக்கே தீர்ந்துவிடுகிறது. மாசியில் நீ வரும்போது பறவைகள் பெரும்பாலும் இங்கேயேதான் இருக்கும். குழந்தையையும் கூட்டி வா. ஐந்தரைக்கு எழுப்பிவிட்டால் ஆறே காலுக்கு ரேடியல் சாலையில் நின்றுவிடலாம். ஃபிளாஸ்கில் காபி நான் எடுத்து வருகிறேன். மீன்கொத்தி உட்காரும் கம்பி எது என்று அவளுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அம்மா