கடிகாரம் செய்த கோளாறு

ஆசிரியருக்கு,

என் பழைய கணினியில் சென்ற வாரம் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'சான்றிதழில் பிழை' என்றே வந்தது. தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் மின்னணு அடையாளச் சீட்டுதான் இந்தச் சான்றிதழ். வைரஸ்தான் என்று மகன் சாதித்தான். கணினியையே மாற்றச் சொன்னார் பழுதுபார்க்க வந்தவர். இரண்டு நாள் கழித்துத்தான் திரையின் மூலையைக் கவனித்தேன்: 2010 ஜனவரி 1! உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பின்னே போயிருக்கிறது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பிரவுசர் அவற்றைக் கணினியின் தேதியோடுதான் ஒப்பிடுகிறது. 2010இல் நின்ற என் கணினிக்கு எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்காதவை! பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினேன், சரியாகிவிட்டது.

எல்லாத் தளங்களிலும் பிழை வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். மிகப் பழைய கருவி என்றால் அதிலுள்ள மூலச் சான்றிதழே (மற்றச் சான்றிதழ்களை நம்புவதற்கு அடிப்படையாகக் கருவியில் வைத்திருப்பது) காலாவதியாகியிருக்கலாம்; 2021 செப்டம்பர் 30 அன்று 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற அமைப்பிடம் சான்றிதழ் பெற்ற தளங்கள் பழைய கருவிகள் பலவற்றில் திறக்காமல் போனது அதனால்தான். ஒரே தளத்தில் மட்டும் வந்தால் பெரும்பாலும் அவர்கள் புதுப்பிக்க மறந்திருப்பார்கள். அது வங்கித் தளமாக இருந்தால், 'பரவாயில்லை, தொடர்க' என்பதை மட்டும் அழுத்திவிடாதீர்கள். மகன் அழுத்தப் பார்த்தான், கையைத் தட்டிவிட்டேன்.

- ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்