பூட்டைக் கழற்றித் தாருங்கள்: தமிழ் எழுத்துரு, தட்டச்சு மென்பொருள் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். தொண்ணூறுகளிலும் அதற்கடுத்த பத்தாண்டுகளிலும் தமிழ்நாட்டின் டிடிபி மையங்களுக்கும் அச்சகங்களுக்கும் தமிழ் எழுத்துருக்களையும் தட்டச்சு மென்பொருள்களையும் விற்ற நிறுவனத்தார் அனைவருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். ஒரு சிறு நகரத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், இருபத்து மூன்று ஆண்டுகளாக டிடிபி மையம் நடத்திவருகிறேன். திருமண அழைப்பிதழ், காதணி விழாப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, பள்ளி வினாத்தாள், கோயில் மலர் ஆகியவை என் பிழைப்பு. உங்களுள் இரண்டு நிறுவனங்களிடம் காசு கொடுத்து வாங்கிய எழுத்துருக் குறுந்தட்டுகள் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. எங்கள் கடையில் உள்ள மூன்று கணினிகளும் இன்டெல்லின் ஆறாம் தலைமுறைச் செயலி கொண்டவை. விண்டோஸ் 11, ஒரு சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் செயலிகளை ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மூன்று இயந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனமும் இல்லை, புதிதாக மூன்று வாங்கப் பணமும் இல்லை. ஆகவே மூன்றிலும் லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவினேன்.

பழகிய மென்பொருள்களை எல்லாம் இழந்துவிடுவோமோ என்பதே அப்போது எனக்கிருந்த அச்சம். அந்த அச்சம் பெரும்பாலும் பொய்யாகிப் போனது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மாற்றத்துக்கு முன்பே, விண்டோஸில் இருந்தபடியே, கடைப் பையன்களுக்கு, இரண்டு இயங்குதளங்களிலும் ஓடும் இலவச மென்பொருள்களான லிப்ரெஆபீஸையும் (அலுவலகப் பணிக்கு) ஃபயர்ஃபாக்ஸையும் (இணைய உலாவி) ஜிம்ப்பையும் (படத் திருத்தத்துக்கு) ஆறு மாதம் பழக்கியிருந்தேன். இது என் சொந்த யோசனை அன்று. பிரான்சின் ழாந்தார்மரி காவல் படை 2005-இல் முதலில் ஓப்பன்ஆபீஸுக்கு மாறி, பிறகு ஃபயர்ஃபாக்ஸுக்கும் தண்டர்பேர்டுக்கும் மாறி, 2008-இல்தான் அடியில் இருந்த விண்டோஸை உருவிவிட்டு உபுண்டு என்னும் லினக்ஸ் வகையை வைக்கத் தொடங்கியது. கூரையை அப்படியே நிறுத்திவைத்துக்கொண்டு தூணை மாற்றும் அந்த வேலை எங்கள் கடைக்கும் பொருந்தியது. மாற்றிய மறுநாள் காலையில் பையன்கள் கேட்ட ஒரே கேள்வி, ஸ்கேனரின் பொத்தான் எங்கே போனது என்பதுதான். எழுத்துகளின் அகலம் மாறிப் பக்கம் நகர்ந்துவிடும் தொல்லை ஆங்கிலக் கோப்புகளில் வரவில்லை. ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் அதே அளவில் லிபரேஷன் எழுத்துருக்கள் இருக்கின்றன, காலிப்ரிக்குக் கார்லிட்டோ இருக்கிறது. விண்டோஸோடு வரும் லதா என்னும் தமிழ் எழுத்துருவுக்கு அப்படி அளவொத்த மாற்று எழுத்துரு எதையும் நான் காணவில்லை. லதாவில் அடித்த நான்கு பக்க விண்ணப்பம் நோட்டோ எழுத்துருவில் திறக்கும்போது ஐந்தாம் பக்கத்தில் 'இப்படிக்கு' மட்டும் தனியாக நிற்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

பக்க அமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரும் வந்துவிட்டது. அடோபி நிறுவனம் 2001-இல் 7.0 பதிப்போடு கைகழுவிய அந்த மென்பொருள், விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓடவைக்க 1993 முதல் வளர்ந்துவரும் வைன் என்னும் இணக்க அடுக்கின் உதவியால் லினக்ஸில் ஓடுகிறது. லிப்ரெஆபீஸ் 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளை நேரடியாகவே திறந்துகாட்டுகிறது. பக்க அமைப்பு ஆங்காங்கே கலைந்தாலும் எழுத்து வந்து சேர்ந்துவிடும். வரைகலை மென்பொருளான கோரல்டிராவின் கோப்புகளை இங்க்ஸ்கேப் என்னும் இலவச வரைகலை மென்பொருள் ஓரளவு திறக்கிறது. (2000-ஆம் ஆண்டில் கோரல்டிராவே லினக்ஸுக்கு ஒரு பதிப்பு வெளியிட்டது என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.) ஆக, அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்யப்பட்ட மென்பொருள்கள் எப்படியோ என்னோடு வந்து சேர்ந்துவிட்டன. வர மறுத்தவை நம்மூரில் செய்யப்பட்ட தமிழ் மென்பொருள்கள் மட்டுமே.

ஏன் வர மறுத்தன என்பதை நடந்த ஒரு வேலையைக் கொண்டே விளக்குகிறேன். எங்கள் பக்கத்துக் கிராமத்துச் சிவன் கோயிலுக்கு 2014-இல் குடமுழுக்கு நடந்தபோது 64 பக்க மலர் ஒன்றை நான்தான் அமைத்துக் கொடுத்தேன். தல வரலாறும் கல்வெட்டுச் செய்திகளும் பதிகங்களும் அடங்கிய மலர் அது. பன்னிரண்டு ஆண்டு கழிந்து மறு குடமுழுக்கு வரவே, அறங்காவலர் ஒருவர் அன்று நான் எரித்துக் கொடுத்த குறுந்தட்டை மஞ்சள் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். "எல்லாம் இதிலேயே இருக்குதுங்களே, தேதியை மட்டும் மாத்திக் குடுத்துடுங்க" என்றார். குறுந்தட்டு பிழையின்றிப் படித்தது. கோப்பு திறந்தது. திரையில் ஆங்கில எழுத்துகளும் பிறைக்குறிகளும் சதவீதக் குறிகளுமாக ஏதோ ஓடியது. அறங்காவலர் என்னைப் பார்த்தார், நான் திரையைப் பார்த்தேன்.

உங்களுக்குத் தெரியாததன்று இது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் உட்கார்ந்திருக்கின்றன. 'தமிழ்' என்று காண்பதற்கு நாம் அடித்தது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து விசைகள். கணினியும் அந்த ஐந்தைத்தான் சேமித்து வைத்திருக்கிறது. எழுத்துரு என்னும் முகமூடியை எடுத்துவிட்டால் அங்கே தமிழ் இல்லை. பாமினியாவது பலரும் அறிந்த முறை என்பதால் பொங்குதமிழ், ஓப்பன்-தமிழ் போன்ற மாற்றிகள் அதை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடு) கொண்டுவந்துவிடுகின்றன. 1999-இல் தமிழ்நாடு அரசு தரமென்று அறிவித்த டாம், டாப் குறியாக்கங்களுக்கும் வழி இருக்கிறது. அந்த அறிவிப்புக்குப் பிறகும் உங்களில் பலர் உங்களுக்கென்று தனித்தனிக் குறியாக்கம் வைத்துக்கொண்டீர்கள். 2010-இல் அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்ற பிறகும் அந்தத் தனிக் குறியாக்கங்களின் அட்டவணையை நீங்கள் வெளியிட்டதாக எனக்குத் தெரியவில்லை. கோயில் மலர் அப்படியொரு தனிக் குறியாக்கத்தில்தான் இருந்தது.

எழுத்துருக் கோப்பை லினக்ஸில் போட்டவுடன் திரையில் தமிழ் தெரிந்தது. அச்சிட அது போதும். ஆனால் அறங்காவலரின் மகன் மலரை இணையத்திலும் ஏற்ற வேண்டும் என்றார், எனவே ஒருங்குறிக்கு மாற்றியே ஆகவேண்டும் என்றாயிற்று. எழுத்துருவைப் பெரிதாக்கி, ஒவ்வொரு இருக்கையிலும் என்ன உருவம் இருக்கிறது என்று பார்த்து, நானே ஓர் அட்டவணை தயாரித்தேன். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, 'டு'வுக்கும் 'மு'வுக்கும் தனித்தனி உருவம், ஒட்டும் கொக்கி, ஒட்டாத கொக்கி என்று நான்கு இரவுகள் போயின. பழைய முறையில் கொம்பு, மெய், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டாக அடித்த 'கொ'வை, மெய்யை முன்னே வைத்துப் பின்னால் ஒகரக் குறியைச் சேர்க்கும் ஒருங்குறி முறைக்குத் திருப்ப வேண்டும். அதுவும் முடிந்தது. முடிந்த பிறகு, மகிழ்ச்சியோடு 'சோழர்' என்று தேடிப் பார்த்தேன். இரண்டு பக்கம் நிறையச் சோழர் கல்வெட்டுச் செய்தி உள்ள மலரில் ஓரிடத்தில்கூட 'சோழர்' இல்லை என்றது கணினி.

காரணம் உங்களுக்குப் புரிந்திருக்கும். ரகரத்துக்குப் பதில் காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைப்பது டிடிபிக்காரர்களின் நெடுநாள் பழக்கம். தாளில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது, சில எழுத்துருக்களில் கால் போட்டதுதான் பார்வைக்கு நன்றாக இருக்கும். மாற்றி அதை உண்மையாகவே காலாக எடுத்துக்கொண்டு 'சோழா்' என்று எழுதிவிட்டது. நான் அடித்த பிழையை நான் திருத்தினேன், அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. இணையத்தில் நாள்தோறும் 'அவா்கள்' என்று படிக்கும்போதெல்லாம் என்னைப் போன்ற எத்தனை பேரின் விரல்கள் அதற்குப் பின்னால் இருக்கின்றன என்று நினைத்துக்கொள்வேன்.

எழுத்துருவையாவது இப்படி வளைத்துவிட முடிந்தது. தட்டச்சு மென்பொருள்தான் முற்றிலும் கைவிட்டது. நான் பயன்படுத்திய மென்பொருள் யுஎஸ்பி துளையில் செருகிய லாக் என்னும் சிறு பூட்டுக் கருவி இருந்தால் மட்டுமே திறக்கும். அந்த லாக்கை அடையாளம் காணும் இயக்கி விண்டோஸின் கருவோடு நேராகப் பேசும் வகையைச் சேர்ந்தது, வைனால் அதை ஏற்ற முடியாது. லாக் தேவையில்லாத மென்பொருளை வைனில் ஓட்டினாலும் வைனுக்குள் இருக்கும் பேஜ்மேக்கரில் மட்டுமே தமிழ் விழும், அடுத்த சாளரத்தில் இருக்கும் லிப்ரெஆபீஸுக்கு அது எட்டாது. லினக்ஸிலேயே ஐபஸ் என்னும் தட்டச்சு உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99, தட்டச்சுப்பொறி முறை, ஒலிபெயர்ப்பு முறை ஆகியவை கிடைக்கின்றன என்பது உண்மை. ஆனால் தட்டச்சுப்பொறி முறை என்று நீங்கள் கொடுத்ததில் நிறுவனத்துக்கு நிறுவனம் சில குறிகளின் இடம் வேறுபட்டது. தட்டச்சில் லோயர், ஹயர் தேர்வு எழுதித் திரையைப் பாராமலே அடிக்கும் என் மனைவிக்கு, ஆறேழு விசைகள் இடம் மாறியதால் ஒரு நாள் வேலை இரண்டு நாளாயிற்று. பதினெட்டு ஆண்டுப் பழக்கத்தை விரலிலிருந்து பிடுங்கிவிட்டு வேறொன்றை நட முடியவில்லை. கடைசியில் ஒரு கணினியில் மட்டும், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் பழைய விண்டோஸை ஏற்றி, லாக்கை அதற்கு ஒப்படைத்திருக்கிறோம். வாசல் முழுதும் இடித்துக் கட்டிய வீட்டில் பழைய திண்ணை ஒன்றை மட்டும் ஓரத்தில் விட்டுவைத்தாற்போல அது கிடக்கிறது.

இதைப் பற்றி அந்த மென்பொருளை விற்ற நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அந்தப் பதிப்பை இப்போது விற்பதில்லை என்றும், லாக் பழுதானால் மாற்றித் தர முடியாது என்றும், விண்டோஸ் 11-க்கான புதிய பதிப்பை வாங்கிக்கொள்ளுமாறும் சொன்னார்கள். குறியாக்க அட்டவணை கேட்டதற்கு, அது நிறுவனத்தின் சொத்து என்று பதில் வந்தது. பேசிய பெண் மிகவும் மரியாதையாகவே பேசினார்.

லாக் ஏன் வந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஒரு பிரதி வாங்கி ஒன்பது கடைகளில் போட்டவர்கள் நாங்கள். என் கடையின் முதல் மூன்று ஆண்டு ஓடியது திருட்டு நகலில்தான். உங்களில் சிலர் அதனாலேயே தொழிலைவிட்டுப் போனீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு எழுத்தையும் கையால் வரைந்து, புள்ளி புள்ளியாகத் திருத்தி, நூற்றுக்கணக்கான முகங்களைத் தமிழுக்குக் கொடுத்தவர்கள் நீங்கள். இன்றைய இலவச ஒருங்குறி எழுத்துருக்களில் அழைப்பிதழுக்கு ஏற்ற அழகான தலைப்பெழுத்து தேடினால் கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். அதனால்தான் உங்கள் எழுத்துருக்களை விட்டுவிட மனமில்லாமல் இதை எழுதுகிறேன். விற்பனையில் உள்ளவற்றை இலவசமாகக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

விற்பனையை நிறுத்திவிட்ட பதிப்புகளுக்கு லாக் இல்லாமல் திறக்கும் ஒரு கோப்பைக் கொடுங்கள். இனி அதிலிருந்து உங்களுக்கு ஒரு ரூபாயும் வரப்போவதில்லை என்னும்போது பூட்டு எதைக் காக்கிறது? காசு கொடுத்து வாங்கிய எழுத்துருவை எந்த இயங்குதளத்திலும் வைத்துக்கொள்ளலாம் என்று உரிமத்தில் ஒரு வரி சேர்த்து அறிவியுங்கள். உங்கள் விசைப்பலகை அமைப்பை வெளியிட்டால் அதை ஐபஸுக்கு ஏற்ற வடிவில் எழுதிக்கொடுக்க இளைஞர்கள் இருக்கிறார்கள், அது ஒரு சிறிய உரைக்கோப்புதான். எல்லாவற்றுக்கும் மேலாகக் குறியாக்க அட்டவணையைத் தாருங்கள். எந்த இருக்கையில் எந்த எழுத்து என்று காட்டும் ஒரே ஒரு பக்கம் அது. அதில் இருப்பது உங்கள் எழுத்துருவின் வடிவழகு அன்று, எங்கள் கோப்புகளுக்குள் அடைபட்டுக் கிடக்கும் எங்கள் ஊர்களின் எழுத்து. நிறுவனம் மூடப்பட்டு உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே தெரியாத நிலைக்கு வருமுன் இதைச் செய்தால் நல்லது.

முன்மாதிரி இல்லாமல் கேட்கவில்லை. விசைப்பலகை மென்பொருளான கீமேன் விலைக்கு விற்கப்பட்டதுதான். 2015-இல் எஸ்ஐஎல் என்னும் மொழிப்பணி அமைப்பின் கைக்கு வந்து, பின்னர் மூலநிரல் திறக்கப்பட்டு, இன்று லினக்ஸிலும் ஓடுகிறது. நிறுவனம் மூடப்பட்ட நிலையில், முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டரின் மூலநிரலை 2002-இல் பயனர்கள் ஒரு லட்சம் யூரோ திரட்டி விடுவித்தார்கள். அப்படி ஒரு தொகையை நீங்களும் கேட்டால், எங்கள் ஊர் அச்சகக்காரர்களிடம் உண்டியல் குலுக்க நான் ஆயத்தமாகவே இருக்கிறேன்.

கோயில் மலரின் 41 பக்கங்கள் ஒருங்குறிக்கு வந்துவிட்டன. மீதியுள்ள பதிகப் பகுதி உங்களில் வேறொருவரின் எழுத்துருவில் இருக்கிறது, அதில் கிரந்த எழுத்துகள் எந்த இருக்கையில் உள்ளன என்பதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அட்டவணை அனுப்ப விரும்புவோர் அதைப் பொதுவில் வெளியிட்டாலே போதும், எனக்கென்று தனியாக அனுப்ப வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்களுள் ஒருவன்