வொண்டர்பூம் ஓடுபாதையைக் குறுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டோரியாவின் வொண்டர்பூம் விமானத் தளத்தின் சிறிய ஓடுபாதையை மூடிவிட்டு, பெரியதையும் பாதியாகக் குறுக்கி, மிஞ்சும் நிலத்தில் வீடு கட்டலாம் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். டர்பன் நகரின் வெர்ஜீனியா விமானத் தளத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த ஓடுபாதையிலேயே சிறு விமானங்கள் ஏறி இறங்குகின்றனவே, பிரிட்டோரியாவில் மட்டும் 1,828 மீட்டர் எதற்கு என்று கேட்கிறார். வீட்டுக்காகக் காத்திருப்பவர்களின் தவிப்பு எங்களுக்கும் தெரியும். ஆனால் வெர்ஜீனியா கடலோரத்தில் இருக்கிறது. வொண்டர்பூம் இருப்பதோ கடல்மட்டத்துக்கு 4,095 அடி மேலே.

விமானத்தின் திறனைக் கணக்கிடும் அட்டவணைப்படி, அந்த உயரத்தில் இயல்பான வெப்பம் சுமார் 7 டிகிரிதான். இங்கே கோடையான ஜனவரி மதியத்தில் 30 டிகிரி அடிக்கிறது. சூட்டில் காற்று மெலிவதால், கூடுதலாக வரும் ஒவ்வொரு டிகிரிக்கும் தளத்தின் உயரத்தோடு ஏறத்தாழ 120 அடி சேர்த்துக்கொள்ள வேண்டும். 23 டிகிரிக்கு 2,760 அடி. ஆக, தரையில் நிற்கும்போதே விமானம் 6,850 அடி உயரத்துக் காற்றில் நிற்பது போலத்தான். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் வலு இழக்கும்; 160 குதிரைத் திறன் என்ஜினில் 130-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். காற்று மெலிந்திருப்பதால் இறக்கையும் அதிக வேகம் கேட்கிறது. வேகமானியில் 55 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) காட்டும்போது சக்கரம் உண்மையில் 61 நாட் வேகத்தில் உருண்டுகொண்டிருக்கும். நான்கு பேர் ஏறும் செஸ்னா 172, கடல்மட்டத்தில் 20 டிகிரி நாளில் ஓடுவதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தூரம் ஓடித்தான் இங்கே எழும்பும். எழும்பிய பிறகும் மெதுவாகத்தான் ஏறும். ஓடுபாதை முனையில் கூரைகள் வந்தால் சிக்கல் அங்கேதான்.

கடலோரத்தில் பழகி வருபவர்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. என்ஜினுக்குப் போகும் பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் சிவப்புக் குமிழை, பெட்ரோல் மிகுதியாகப் போகும்படி முழுக்க உள்ளே தள்ளியபடியே கிளம்புவார்கள். மெலிந்த காற்றுக்கு அந்தப் பெட்ரோல் மிகுதி. பிளக்கில் கரி பிடித்து, இருக்கும் வலுவும் போகும். பிரேக்கைப் பிடித்து, என்ஜின் வலுவைக் கூட்டும் திராட்டிலை முழுக்கத் திறந்து, என்ஜின் சுழற்சி உச்சத்தைத் தொடும்வரை குமிழை மெல்ல வெளியே இழுத்து, பிறகு ஒரு நூலிழை உள்ளே தள்ள வேண்டும். இதைச் சரியாகச் செய்தாலும் இழந்த வலுவில் ஒரு பங்குதான் திரும்பும். மிச்சத்தை ஓடுபாதையின் நீளம்தான் கொடுக்கும். இரட்டை என்ஜின் விமானத்துக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்: வேகமெடுத்த பின் ஒரு என்ஜின் நின்றுபோனால், பிரேக் போட்டு நிறுத்தவும் தார் மிச்சமிருக்க வேண்டுமே.

இரண்டாவது ஓடுபாதை ஆடம்பரம் அல்ல. 1937-இல் அமைந்த தளம் இது. உலகப் போர்க் காலத்தில் விமானிகளைப் பயிற்றுவிக்கும் துணைத் தளமாக இருந்தது. பயிற்சி தரும் தளத்துக்குப் பல திசைக் காற்றும் பொருந்த வேண்டும். திசைகாட்டியில் பெரிய பாதை 110 டிகிரியை நோக்கி இருக்கிறது, சின்னது 60 டிகிரியை. கோடை மாலை இடிமழைக்கு முன் 60 டிகிரித் திசையிலிருந்து 20 நாட் காற்று வீசினால், பெரிய பாதையில் பக்கக்காற்று 15 நாட்டைத் தாண்டும். செஸ்னா 172-க்குச் சோதித்துக் காட்டிய அளவே 15தான். சின்னப் பாதையிலோ அதே காற்று நேர் எதிரே வருகிறது. தனியாகப் பறக்கும் மாணவர் அன்று இறங்க வேறெங்கே போவார்?

தளம் மாநகராட்சியின் சொத்து என்பதால் இதை முடிவு செய்யப்போவது நம் கவுன்சிலர்களே. குறுக்கும் திட்டத்தை யார் கொண்டுவந்தாலும், ஜூலை மாதக் காலைக் குளிருக்கான கணக்கை ஏற்கக் கூடாது. முழு எடை, 30 டிகிரி வெப்பம், ஈர ஓடுபாதை, முனையில் 50 அடித் தடை: இந்த நான்குக்கும் போட்ட கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

விமானப் பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
லாடியம், பிரிட்டோரியா