சேர்ந்திசை நடத்தக் கற்றுத்தந்த உங்களுக்கு நன்றி

அன்புள்ள ஆசிரியருக்கும் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். வயலின் கற்பவர் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாதகம் செய்யலாம். பலர் சேர்ந்து பாடும் சேர்ந்திசையைக் கையசைவால் நடத்தக் கற்பவருக்கு அந்த வசதி கிடையாது. எதிரில் பாடுவதற்கு மனிதர்கள் வேண்டும். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, கற்றுக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு உங்கள் குரலையும் பொறுமையையும் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி ஆசிரியருக்கு. அம்மா, நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் வலக்கை கீழே, உள்ளே, வெளியே, மேலே என்று போவதை எந்தப் பாடநூலிலும் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். நீங்கள் தொடங்கியதோ அதற்கும் முந்தைய கணத்தில். முதல் அடி விழுவதற்கு முன் கை எழும் அந்த ஒரு அசைவில் பாட்டின் வேகமும் ஒலியளவும் உணர்ச்சியும் அடங்கியிருக்க வேண்டும் என்றீர்கள். குழுவோடு சேர்ந்து நானும் மூச்சை இழுக்க வேண்டும் என்றீர்கள். ஒரே வரியை இரண்டு விதமாகத் தொடங்கச் சொன்னது நினைவிருக்கிறதா? நிதானமாக, ஆழமாக மூச்செடுத்துக் கையை உயர்த்தினேன். குழு மென்மையாக உள்ளே வந்தது. சட்டென்று மூச்சிழுத்தேன், அதே வரி கூர்மையாக எழுந்தது. நான் ஒரு சொல்கூடப் பேசவில்லை. அன்று கிடைத்ததுதான் எனக்கு இந்தக் கலையின் சாவி.

ஒத்திகையை நிறுத்தினால் எந்த இடம், எந்தக் குரல், என்ன மாற்றம் என்ற மூன்றை மட்டும் சொல்லிவிட்டு உடனே தொடர வேண்டும் என்பதும் உங்கள் பாடம்தான். நின்றுகொண்டிருக்கும் பாடகர்களுக்கு விரிவுரை தேவையில்லை. கடினமான பகுதியை அவர்கள் களைப்படைவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்பதையும் இன்றுவரை கடைப்பிடிக்கிறேன்.

பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோவைப் பாடும் சகோதரிகளே, உங்களைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுத வேண்டும். மெட்டு பெரும்பாலும் பெண்களின் உயர்ந்த குரலான சோப்ரானோவிடம் போய்விடுகிறது. நடுவிலே நின்று ஒரே சுரத்தைப் பல வரிகளுக்குத் தாங்குவது நீங்கள். பக்கவாத்தியம் இல்லாமல் பாடும்போது சுருதி இறங்குவது பெரும்பாலும் அப்படிப்பட்ட இடங்களில்தான். உங்களில் மூத்த அக்கா, திரும்பத் திரும்ப வரும் சுரத்தை ஒவ்வொரு முறையும் சற்று மேலே ஏறுவதாக நினைத்துப் பாட வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சொற்களை விட்டுவிட்டு 'நூ' என்று மட்டும் மெதுவாகப் பாடிப் பார்த்தோம். பாட்டு முடிந்ததும் நொடிக்கு 440 அதிர்வு தரும் இசைக்கவையைத் தட்டிச் சரிபார்த்தேன். சுருதி தொடங்கிய இடத்திலேயே நின்றது. உங்கள் முகங்களில் அப்போது தெரிந்த மகிழ்ச்சி எனக்குப் பெரிய பரிசு.

ஆண்களின் தாழ்ந்த குரலான பாஸ் வரிசை அண்ணன்மார்களுக்கு: நீண்ட சுரத்தில் யார் எந்த எழுத்துக்குப் பிறகு மூச்செடுப்பது என்று பக்கத்தில் நிற்பவரோடு பேசி, தாளில் பென்சிலால் குறித்து வைத்திருந்தீர்கள். அதனால்தான் கேட்பவருக்கு அந்த ஒலி எங்குமே அறுபடவில்லை. நான் கேட்பதற்கு முன்பே நீங்கள் செய்த வேலை அது.

'ம்' என்று முடியும் சொல்லில் ஆளுக்கொரு நேரத்தில் உதட்டை மூடினால் வரியின் முடிவு சிதறிவிடும். உயிரோசையைக் கடைசிவரை பிடித்து, என் இடக்கை மூடும் கணத்தில் எல்லோரும் உதட்டை மூடினீர்கள். கண்ணைத் தாளிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தவர்களால் மட்டுமே அது முடியும். அந்த நம்பிக்கைக்கு நன்றி.

பியானோ வாசித்த தம்பி, நான்கு குரல்களின் வரிகளையும் ஒரே நேரத்தில் படித்து வாசிப்பது எளிய காரியம் அல்ல. ஆண்களின் உயர்ந்த குரலான டெனர் பாடுபவர்கள் தடுமாறினால் நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர்கள் வரியை மட்டும் சற்று ஓங்கி வாசித்துவிடுவாய். நிகழ்ச்சி நிரலில் உன் பெயரை முதலில் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நாற்காலி அடுக்கியவர்கள், பிரதி எடுத்துத் தந்தவர்கள், ஒத்திகை நீண்டுபோன இரவுகளில் வீட்டில் காத்திருந்த குடும்பத்தார் எல்லோருக்கும் என் வணக்கம்.

அடுத்த பாட்டுக்கான பிரதிகள் தயாராக இருக்கின்றன. இந்த முறை மெட்டு முதலில் ஆல்டோவுக்கு.

நன்றியுடன்,
உங்கள் குழுவில் கற்றுக்கொண்டிருப்பவன்