என்.டி.ஆர்., ஏ.என்.ஆர். இணைந்து நடித்த படங்கள்: ஆவணக் காட்சிக்கும் நூலுக்கும் நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர், வணக்கம்.

நந்தமூரி தாரக ராமாராவும் (என்.டி.ஆர்.) அக்கினேனி நாகேஸ்வர ராவும் (ஏ.என்.ஆர்.) சேர்ந்து நடித்த தெலுங்குப் படங்களைப் பற்றி ஓர் ஆவணக் கண்காட்சியையும், தெலுங்கிலும் தமிழிலுமாக ஒரு நூலையும் உருவாக்கும் பணியை, வடபழனி, சாலிகிராமம் பகுதிகளில் வசிக்கும் நாங்கள் சிலர் கூடி ஓராண்டுக்கு முன் தொடங்கினோம். கைக்காசைப் போட்டுச் செய்யக்கூடியதைச் செய்து முடித்துவிட்டோம். எஞ்சிய பணிக்கு உங்கள் உதவியை நாடுகிறோம்.

இருவரும் கிருஷ்ணா மாவட்டத்து விவசாயக் குடும்பங்களில் பிறந்தவர்கள். இருவரையும் நடிகர்களாக ஆளாக்கியது சென்னை. 1950-இல் வந்த ‘பல்லெடூரி பில்ல’ தொடங்கி 1981-இல் வந்த ‘சத்யம் சிவம்’ வரை, கௌரவத் தோற்றத்தையும் சேர்த்து எண்ணினால், இருவரும் இடம்பெற்ற படங்கள் 14. தனித்தனியே இருநூறு படங்களைத் தாண்டியவர்களுக்கு இது சிறு எண்ணிக்கைதான். ஆயினும் ‘மிஸ்ஸம்மா’, ‘மாயாபஜார்’, ‘குண்டம்ம கதா’ ஆகிய மூன்றும் இந்தப் பதினான்குக்குள்தான் அடங்குகின்றன. மூன்றும் வடபழனியில் விஜயா வாகினி நிறுவனத்தார் எடுத்தவை. அந்த வளாகத்தின் ஒரு பகுதியில் இன்று வணிக வளாகம் நிற்கிறது. அங்கே வாரந்தோறும் போய்வரும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி தெரியாது என்பதுதான் எங்களை முதலில் உறுத்தியது.

பணியில் இறங்கிய பிறகு கண்ணில் பட்டது வேறொன்று. இந்தப் படங்களில் பல தமிழிலும் எடுக்கப்பட்டன. ஆனால் தமிழுக்கு வரும்போது இந்த இணை பிரிந்துவிடும். 1957-இல் சில வார இடைவெளியில் வெளிவந்த இரண்டு ‘மாயாபஜார்’ படங்களிலும் கண்ணன் என்.டி.ஆர்.தான், தெலுங்கில் ஏ.என்.ஆர். ஏற்ற அபிமன்யுவைத் தமிழில் ஜெமினி கணேசன் ஏற்றார். ‘லாஹிரி லாஹிரி லாஹிரிலோ’ பாட்டையும் ‘ஆகா இன்ப நிலாவினிலே’ பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு, இரண்டிலும் கண்டசாலா, லீலா குரல், சாவித்திரியும் அவரேதான். ஓடத்தில் அவருக்கு அருகில் இருப்பவர் மட்டும் வேறு. மறுபுறம், 1962-இல் வந்த ‘குண்டம்ம கதா’ என்.டி.ஆருக்கு நூறாவது படம், ஏ.என்.ஆருக்குத் தொண்ணூற்றொன்பதாவது. அதே கதை ‘மனிதன் மாறவில்லை’ என்று தமிழுக்கு வந்தபோது ஏ.என்.ஆர். இருந்தார், அதுவே அவருடைய நூறாவது படமாகவும் அமைந்தது, என்.டி.ஆரின் இடத்துக்கு வந்தவர், மறுபடியும், ஜெமினி. ‘தெனாலி ராமகிருஷ்ணா’விலோ இரு மொழிக்கும் கிருஷ்ணதேவராயர் என்.டி.ஆர்.; விகடகவியாகத் தெலுங்கில் ஏ.என்.ஆர்., தமிழில் சிவாஜி.

ஒருவரை மாற்றினால் மற்றவரின் நடிப்பும் சற்றே மாறுகிறது. எங்கள் குழுவில் 30 ஆண்டுகள் படத்தொகுப்பு அறையில் உழைத்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் இரு மொழிக் காட்சிகளையும் பக்கத்தில் பக்கமாக ஓடவிட்டுக் காட்டியபோதுதான் எங்களுக்கே இது விளங்கியது. ‘மிஸ்ஸம்மா’வைச் சொல்ல வேண்டும். 1953-இல் தேவதாசாக ஊரையே அழவைத்த ஏ.என்.ஆர்., இரண்டே ஆண்டில் அந்தப் படத்தில் அசட்டுத் துப்பறிவாளராக, என்.டி.ஆருக்கு அடுத்த இடத்தில் வந்து நின்றார். தமிழில் அந்தப் பாத்திரத்தைத் தங்கவேலு செய்தார், வெகு நன்றாகவே செய்தார். ஆனால் நகைச்சுவை நடிகர் சிரிக்கவைப்பதற்கும், நாயகனாகக் கொடிகட்டிப் பறந்தவர் தன்னைக் குறைத்துக்கொண்டு சிரிக்கவைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தெலுங்குப் படத்தைப் பார்த்தால்தான் உணர முடியும். இந்த ஒப்பீடுதான் எங்கள் காட்சிக்கும் நூலுக்கும் முதுகெலும்பு.

1963-இல் ‘ஸ்ரீகிருஷ்ணார்ஜுன யுத்தமு’ வந்தபின் 14 ஆண்டுகள் இருவரும் சேர்ந்து நடிக்கவில்லை. அதற்குக் காரணமாக உலவும் கதைகள் ஏராளம். அவற்றுக்கு எங்கள் நூலில் இடமில்லை. 1977-இல் ‘சாணக்ய சந்திரகுப்தா’வை இயக்கிய என்.டி.ஆர்., குருவான சாணக்கியரை ஏ.என்.ஆருக்குக் கொடுத்து, மாணவனான சந்திரகுப்தனைத் தாம் ஏற்றார் என்பதை மட்டும் பதிவுசெய்கிறோம்.

இதுவரை பாட்டுப் புத்தகங்கள், கையேடுகள், சுவரொட்டிகள், இசைத்தட்டு உறைகள் என 180 பொருள்கள் சேர்ந்துள்ளன. பெரும்பாலானவை சாணித்தாளில் அச்சானவை. ‘பூகைலாஸ்’ பாட்டுப் புத்தகம் ஒன்று எங்களிடம் வந்தபோது ஊக்கு துருவேறி நடுத்தாளைத் தின்றிருந்தது. கிழிந்த இடத்தில் யாரோ அக்கறையோடு ஒட்டிய ஒட்டுநாடா பழுப்பேறி, கீழே இருந்த நான்கு வரிகளை மறைத்துவிட்டது. வல்லுநர் ஒருவர் அதைப் பிரித்தெடுக்க இரண்டு நாள் ஆயிற்று. இப்படிக் காத்திருக்கும் தாள்கள் இன்னும் பல. அந்தக் காலத் தளங்களில் விளக்குப் பிடித்தவர்கள், ஒப்பனை உதவியாளர்கள் ஆகியோரில் எஞ்சியிருப்போரின் குரலைப் பதிவதும் தள்ளிப்போடக் கூடியதல்ல. எல்லோருமே எண்பதைக் கடந்தவர்கள்.

மொத்த மதிப்பீடு 7,20,000 ரூபாய். இதில் தாள்களைச் செப்பனிட்டு மின்வடிவாக்க 1,60,000, நிழற்படங்களுக்கு உரிமையாளர்களிடம் அனுமதி பெற 1,40,000, குரல் பதிவுக்கு 90,000, நூல் 500 படிகள் அச்சிட 2,10,000, பத்து நாள் காட்சிக்கான அரங்குக்கும் பலகைகளுக்கும் 1,20,000. மொழிபெயர்ப்பும் மெய்ப்புப் பார்ப்பதும் குழுவினர் பொறுப்பு, அவற்றுக்குச் செலவில்லை. கையில் சேர்ந்திருப்பது 2,35,000 ரூபாய். இன்னும் 4,85,000 ரூபாய் வேண்டும்.

தொகை எவ்வளவு சிறிதாயினும் மகிழ்ந்து ஏற்போம். 2,000 ரூபாயும் அதற்கு மேலும் தருவோருக்கு நூலின் ஒரு படி அனுப்பப்படும். ரொக்கமாகப் பெறுவதில்லை, இத்துடன் உள்ள படிவத்தில் கண்ட கணக்குக்கு வங்கி வழியாகவோ காசோலையாகவோ அனுப்பினால் ஒரு வாரத்துக்குள் ரசீது வந்துசேரும். எங்கள் குழு இன்னும் அறக்கட்டளையாகப் பதிவு பெறாததால் வருமான வரிச் சலுகை கிடைக்காது என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம். வரவு செலவுக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும்.

பணம் தர இயலாதவர்கள் வீட்டுப் பரணில் இந்தப் படங்களின் பாட்டுப் புத்தகமோ நிழற்படமோ கிடக்கிறதா என்று பார்த்துச் சொன்னால் அதுவும் பேருதவி. நாங்களே நேரில் வந்து படியெடுத்துக்கொண்டு, மூலத்தை அன்றைக்கே உங்களிடம் ஒப்படைத்துவிடுவோம். ஒட்டுநாடா மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
குழுவினர்
வடபழனி, சென்னை