மின்விசிறிக்குக் கீழே போகட்டும் ஒளி

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய அறையின் படத்தையும், வாங்க எண்ணியிருக்கும் மூன்று புரொஜெக்டர்களின் விவரத்தாள்களையும் நிதானமாகப் பார்த்தேன். மூன்றிலும் நீ வட்டமிட்டு வைத்திருப்பது லூமென் கணக்கை, அதாவது கருவி வீசும் ஒளியின் அளவை மட்டும்தான். 31 ஆண்டுகள் திரையரங்கின் ஆபரேட்டர் அறையில் நின்றவன் என்பதால் சொல்கிறேன், கணக்கை அங்கே தொடங்கக் கூடாது. அறையில் தொடங்க வேண்டும்.

15 அடி நீளம், 10 அடி அகலம் என்று எழுதியிருக்கிறாய். திரையை மூலைக்கு மூலை அளந்துதான் அங்குலம் சொல்வார்கள்; நீ ஆசைப்படும் 120 அங்குலத் திரையின் அகலமே ஏறத்தாழ 8 அடி 9 அங்குலம் ஆகிவிடும். 10 அடிச் சுவரில் இருபுறமும் ஸ்பீக்கர் நிற்க இடம் இருக்காது. 100 அங்குலத் திரை என்றால் 7 அடி 3 அங்குல அகலம், 4 அடி 1 அங்குல உயரம். 11 அடி தள்ளி சோபாவைப் போட்டு உட்காருபவருக்கு அது தாராளம்.

படத்தில் என் கண்ணை உறுத்தியது நடுக் கூரையில் தொங்கும் மின்விசிறிதான். லென்ஸிலிருந்து திரை வரையுள்ள தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்தால் வருவதைத் த்ரோ ரேஷியோ என்கிறார்கள். நீ முதலிடம் கொடுத்திருக்கும் கருவிக்கு அது 1.2. அப்படியானால் 100 அங்குலப் படத்துக்கு அதைத் திரையிலிருந்து எட்டே முக்கால் அடியில் தொங்கவிட வேண்டும். 48 அங்குல மின்விசிறியின் இறக்கை சரியாக அந்த இடத்தில்தான் சுற்றுகிறது. கூரையை ஒட்டி மாட்டினால் ஒளியை இறக்கை வெட்டி வெட்டி விடும், படம் முழுக்கத் துடிக்கும். விசிறியைக் கழற்றிவிட்டு மே மாதத்தில் இரண்டரை மணி நேரப் படம் பார்க்க உன்னால் முடியாது. ஆகவே பின்சுவரில் 7 அடி உயரத்தில் ஒரு பலகை அடித்து, கருவியைத் தலைகீழாக மாட்டிவிடு. ஒளி விசிறிக்குக் கீழாகவும், உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலாகவும் போய்விடும். லென்ஸ் 14 அடியில் நிற்கும் என்பதால் 1.9 த்ரோ ரேஷியோ வரை ஜூம் எட்டுகிற கருவியாக இருக்க வேண்டும். உன் பட்டியலில் மூன்றாவதாக உள்ளது மட்டுமே அதற்குத் தேறுகிறது.

சாய்வாக விழும் படத்தை நேராக்கும் கீஸ்டோன் வசதி இருக்கிறதே, எங்கே வைத்தால் என்ன என்று கேட்டிருந்தாய். எங்கள் ஆபரேட்டர் அறை உயரத்தில் இருந்ததால் படம் கீழே விரிந்து விழும். பிலிமுக்கு முன்னால் ஒளி போகும் சட்டமான அபெர்ச்சர் பிளேட்டை அரம் கொண்டு ராவி ஓரத்தை நேராக்குவோம், அதனால் படத்தின் விளிம்பு கொஞ்சம் போகும். இன்றைய டிஜிட்டல் கீஸ்டோனும் அதே வேலையைத்தான் செய்கிறது. பிக்ஸல்களை, அதாவது படத்தின் புள்ளிகளைக் காவு கொடுத்து ஓரத்தை நேராக்குகிறது. கருவியைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் நகர்த்திப் படத்தை ஏற்றி இறக்கும் லென்ஸ் ஷிஃப்ட் இருந்தால் அந்த இழப்பு இல்லை.

இப்போது லூமெனுக்கு வருகிறேன். திரையரங்கில் பிலிம் ஓடிய காலத்தில், சாதாரண வெள்ளைத் திரைக்குச் சதுர அடிக்கு 16 லூமென் விழுந்தால் போதும் என்பதுதான் அளவு. உன் திரை சுமார் 30 சதுர அடி. கணக்குப் போட்டால் 480 லூமென். நிறத்தைச் சரிப்படுத்தும்போது குறைவதையும், விளக்கு பழையதாகி மங்குவதையும் சேர்த்தாலும், நல்ல இருட்டறைக்கு 1,500 ஆன்சி லூமென் (ஆன்சி என்ற தர முறைப்படி அளந்த லூமென்) மிகுதி. 9,000 லூமென் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்கும் மலிவுக் கருவிகளில் ஆன்சி என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பார். அவற்றில் '4கே சப்போர்ட்' என்றிருப்பதும் 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்ற பொருளில்தான். நேட்டிவ் ரெசல்யூஷன் என்ற வரியில் இருப்பதே கருவி உண்மையில் காட்டும் புள்ளிகளின் அளவு.

வெளிச்சத்தைவிட எனக்குக் கவலை கறுப்பைப் பற்றித்தான். கறுப்பு ஒளி என்று ஒன்றை எந்தக் கருவியாலும் வீச முடியாது. ஒளியை எவ்வளவு நன்றாக மறைக்கிறது என்பதில்தான் கறுப்பு இருக்கிறது. கடையில் பளபளக்கும் கார்ட்டூன் காட்சியைப் போட்டுக் காட்டுவார்கள். நீ இரவுக் காட்சிகள் நிறைந்த ஒரு ஸ்கோப் படத்தை, அதாவது அகலத் திரைப் படத்தை எடுத்துக்கொண்டு போய், விளக்கை அணைக்கச் சொல். உன் திரையில் ஸ்கோப் படம் ஓடும்போது மேலும் கீழும் 6 அங்குலத்துக்குப் பட்டை விழும். அரங்கில் அந்த இடத்தைக் கறுப்புத் துணியால் மூடிவிடுவோம். உன் வீட்டில் அது திறந்தே இருக்கும். அந்தப் பட்டை சாம்பலாகத் தெரிகிற கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடு. கூரைக்கும் திரையை ஒட்டிய சுவர்களுக்கும் பளபளப்பில்லாத அடர்நிறப் பெயின்ட் அடி. வெள்ளைக் கூரை திரையின் ஒளியை வாங்கித் திரையின் மேலேயே திருப்பிக் கொட்டும்.

கடைக்கு மருமகளையும் அழைத்துப் போ. நுண்கண்ணாடிகள் பதித்த ஒரே சிப்பால் படம் காட்டும் டிஎல்பி கருவிகள் சிவப்பு, பச்சை, நீலத்தை ஒன்றன்பின் ஒன்றாக வீசுகின்றன. சிலருடைய கண்ணுக்குப் பார்வையைத் திருப்பும்போது வானவில் கீற்றுகள் தெரியும். எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. உன் மாமா வீட்டில் அப்படிப்பட்ட கருவியில் படம் பார்த்தபோது உன் அம்மா பத்தே நிமிடத்தில் எழுந்துவிட்டாள். மூன்று நிறத்தையும் ஒரே நேரத்தில் வீசும் மூன்று பேனல் எல்சிடி கருவியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் உன் ஜன்னல் சாலைப் பக்கம் இருக்கிறது. தூசி வடிகட்டியைத் தவறாமல் துடைக்க வேண்டியிருக்கும்.

விளக்கு வகைக் கருவியானால் யுபிஎஸ் கட்டாயம். அரங்கின் செனான் விளக்கை அணைத்த பிறகும் காற்றாடியை ஓடவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் புறப்படுவேன்; மின்சாரம் சட்டென்று போனால் சூடான விளக்கு குளிர வழியில்லாமல் ஆயுள் குறையும்.

பலகைக்குச் சுவரில் துளை போடும் முன், தரையிலிருந்து விசிறி இறக்கை வரையுள்ள உயரத்தை அளந்து எனக்கு எழுது. ஆளைக் கூப்பிடுவதை அடுத்த மாதம் 10ஆம் தேதிக்கு மேல் வைத்துக்கொள். நான் நூலும் டேப்பும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா