மட், மார்வே, அக்சா கடற்கரைகளுக்கு வரும் மக்களின் உயிர்ப் பாதுகாப்பு வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்
மால்வணி, மலாட் மேற்கில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சார்பாக,
மும்பை 400095.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
பிருஹன்மும்பை மாநகராட்சி,
மகாபாலிகா மார்க், மும்பை 400001.

நகல்: மும்பை புறநகர் மாவட்ட ஆட்சியர் அவர்கள், மும்பை தீயணைப்புப் படைத் தலைமை அலுவலர் அவர்கள்.

பொருள்: எந்தக் கடற்கரைக்கு, எந்த நாளில், எந்த நேரத்தில் போகலாம் என்பதை மக்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே தெரிந்துகொள்ள ஏற்பாடு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மனுவின் மராத்தி மொழிபெயர்ப்பையும் இணைத்திருக்கிறோம். தமிழிலேயே எழுதக் காரணம், இதில் கையெழுத்திட்டிருக்கும் பெரியவர்களும் தாய்மார்களும் தாங்கள் எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான்.

நாங்கள் அக்சா கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள். தாராவி, ஆன்டாப் ஹில், சயான் கோலிவாடா, செம்பூர் என்று நகரத்தின் மறுபக்கத்தில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் கடலுக்குப் போக நினைத்தால் எங்கள் பக்கம்தான் வருவார்கள். மே மாதம் வந்துவிட்டால் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவிலிலிருந்து பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளும். அவர்களை அழைத்துப் போவது எங்களுக்குச் சந்தோஷம். அதே பிள்ளைகளை முழு எண்ணிக்கையோடு வீட்டுக்குத் திரும்பக் கூட்டி வரும் வரை வயிற்றில் நெருப்புதான்.

தங்களுக்குத் தெரிந்த நிலம்தான் என்றாலும், வெளியிலிருந்து வருபவர் இதை எப்படிப் பார்க்கிறார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மட் பகுதியைத் தீவு என்று சொன்னாலும் மலாடிலிருந்து சாலை வழியாகவே போய்விடலாம். மூன்று பக்கமும் நீர்: மேற்கே அரபிக் கடல், கிழக்கே மலாட் கழி (கடல்நீர் ஏறி இறங்கும் கால்வாய்), வடக்கே மார்வேயில் மனோரி கழி. இந்தச் சின்ன நிலத்தில் மார்வே, அக்சா, தானாபானி, எரங்கல், மட் என்று அடுத்தடுத்து கடற்கரைகள். நடுநடுவே கரும்பாறைகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தெற்கு முனையில் போர்ச்சுகீசியர் கட்டிய கோட்டை. மலாட் நிலையத்தில் 271ஆம் எண் பேருந்தில் ஏறுகிறவருக்கு இவை எல்லாமே 'பீச்'தான். எந்த நிறுத்தத்தில் இறங்கினாலும் ஒன்றுதானே என்று நினைக்கிறார். இந்த நினைப்புதான் ஆளைக் கொல்கிறது.

அக்சாவையே எடுத்துக்கொள்வோம். பார்க்க இதைவிடச் சாதுவான கடற்கரை கிடையாது. அகலமான மணல், மெல்லச் சரியும் தரை, முழங்கால் அளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். ஆனால் அந்தத் தரை ஒரே இடத்தில் இருப்பதில்லை. மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. நேற்று மேடாக இருந்தது இன்று பள்ளம். நீர் வற்றும் நேரத்தில் நின்று பார்த்தால் குதிகாலுக்கு அடியில் மணல் அரித்துக்கொண்டு போவது தெரியும். அடுத்த அடி எடுத்து வைத்தால் இடுப்பளவு, அதற்கடுத்த அடியில் கால் நிலைப்பதில்லை. நம் பெண்கள் சேலையோடும் சுடிதாரோடும் இறங்குகிறவர்கள். நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொண்டால் நீச்சல் தெரிந்தவராலும் கால் உதைக்க முடியாது. பிள்ளை தவறினால் அம்மா பாய்கிறாள், அம்மாவைப் பிடிக்க அத்தை பாய்கிறாள். ஒரே குடும்பத்தில் பலர் ஒன்றாகப் போவது இப்படித்தான்.

அலைகள் கரைக்குக் கொண்டுவரும் நீர் திரும்பிப் போக வழி தேடும். மணல் மேடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் அது ஓடையாகச் சேர்ந்து கடலுக்குள் இழுக்கும். அந்த இடத்தில் அலை உடையாது. நீர் கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும். குழந்தைகளோடு வருகிறவர்கள் "இங்கே அலை இல்லை" என்று அதைத்தான் தேடி இறங்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு விலகிய பிறகே திரும்ப வேண்டும் என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை.

மார்வே வேறு விதம். அங்கே அலையே குறைவு, குளம் மாதிரி இருக்கும். ஆனால் கழியின் வாய் அது. நீர் வற்றும்போது உள்ளே இருக்கும் தண்ணீரெல்லாம் அந்த வாய் வழியாகத்தான் வெளியேறும். 2023 ஜூலையில் அங்கே இறங்கிய ஐந்து சிறுவர்களில் இருவரைத்தான் காப்பாற்ற முடிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, பிபர்ஜாய் புயல் சமயத்தில், ஜுஹு கோலிவாடாவில் நான்கு சிறுவர்கள் கடலோடு போனார்கள். இவர்கள் எல்லோரும் இந்த நகரத்துப் பிள்ளைகள்; கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

எங்கள் மக்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இங்கே மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அங்கே தடை முடிந்து படகு இறங்கும் நேரத்தில் இங்கே தென்மேற்குப் பருவமழையில் கடல் கொந்தளித்துக் கிடக்கும். ஊர்க் கடலின் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ஜூன் கடைசியில் வருகிற தாத்தாவுக்கு இது தெரியாது. இங்குள்ள கோலி மீனவர்கள் ஆகஸ்ட் வாக்கில் வரும் நாரளி பௌர்ணமியன்று தேங்காய் படைத்த பிறகுதான் கடலுக்குப் போகிறார்கள். அவர்களே இறங்காத கடலில் நாம் ஏன் இறங்க வேண்டும் என்று நாங்கள் சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பார்க்கிறோம். எங்கள் குரல் எங்கள் தெருவைத் தாண்டாது.

அப்புறம் அமாவாசை. இதைத் தாங்கள் தனியாகக் கவனிக்க வேண்டுகிறோம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தர்ப்பணம் கொடுக்கவும், மாசி மகத்துக்குத் தீர்த்தமாடவும் எங்கள் மக்கள் கடலுக்கு வருவார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான் கடல் மிக அதிகமாக ஏறி மிக அதிகமாக வற்றும். மும்பையில் அந்த நாட்களில் காலை ஆறு மணி வாக்கில் நீர் வற்றிக் கிடக்கும், நண்பகல் வாக்கில் ஏறி நிற்கும். பெரிய ஏற்ற நாட்களில் இந்த ஆறு மணி நேரத்தில் நான்கு மீட்டருக்கு மேலும் ஏறும். அதில் ஏறக்குறைய பாதி நடு இரண்டு மணி நேரத்திலேயே, அதாவது எட்டிலிருந்து பத்துக்குள் ஏறிவிடும். எங்கள் பெரியவர்கள் தர்ப்பணத்துக்கு இறங்குவதும் அதே எட்டிலிருந்து பத்துக்குள்தான். விடியற்காலையில் வந்து வற்றிய மணலில் தூரமாக நடந்து போய், பாறையில் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது, கரைக்கும் அவர்களுக்கும் நடுவே தண்ணீர் வந்திருக்கும். ஆடி அமாவாசை என்றால் மழைக்கால அலையும் சேர்ந்துகொள்ளும். மதியத்துக்குப் பிறகு வருகிற குடும்பங்களுக்கோ நீர் வேகமாக வற்றும் நேரம். அக்சாவிலும் மார்வேயிலும் இழுப்பு அப்போதுதான் அதிகம்.

2022 ஜூலையில் மழை எச்சரிக்கை நாட்களில் கடற்கரைக்குக் காலை 6 முதல் 10 வரை மட்டுமே அனுமதி என்று மாநகராட்சி அறிவித்தது. உயிர்களைக் காக்கும் நல்ல நோக்கம், அதை மதிக்கிறோம். ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாளில் அந்த நான்கு மணி நேரம் முழுவதும் கடல் ஏறிக்கொண்டே இருக்கும் நேரம். கடிகாரத்தை வைத்து நிர்ணயிப்பதைவிட ஒவ்வொரு நாளின் ஏற்ற இறக்கத்தை வைத்து நேரம் குறிப்பதே பொருத்தமாக இருக்கும் என்பது எங்கள் தாழ்மையான கருத்து. மழைக்காலத்தில் கடல் ஏற்றம் 4.5 மீட்டரைத் தாண்டும் நாட்களின் பட்டியலை ஒவ்வொரு ஆண்டும் மாநகராட்சியே வெளியிடுகிறது. கணக்கு தங்களிடம் இருக்கிறது. மலாட் நிலையத்தில் பேருந்துக்காக நிற்கிற மனிதரிடம் அது வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் முதல் கோரிக்கையே இதுதான். மலாட் மேற்குப் பேருந்து நிறுத்தத்திலும், வெர்சோவாவிலிருந்து மட் போகும் படகுத் துறையிலும், மார்வே படகுத் துறையிலும் பெரிய பலகை வையுங்கள். இன்று நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும், எந்தக் கடற்கரையில் எந்தக் கொடி பறக்கிறது என்பதைத் தினமும் எழுதுங்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கும் பலகை தாமதமான பலகை. இரண்டு ரயில் மாறி, ஒரு பேருந்து ஏறி, சாப்பாட்டுக் கூடையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்த குடும்பம் சிவப்புக் கொடியைப் பார்த்துத் திரும்பிப் போகாது. "கொஞ்சம் கால் மட்டும் நனைச்சுக்கலாம்" என்றுதான் சொல்லும். அதையே மலாடில் பார்த்தால் எரங்கலில் மணலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, 1575இல் கட்டிய தேவாலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று திட்டத்தை மாற்றிக்கொள்ளும். "போகாதே" என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்பதில்லை. எங்கே போகலாம் என்று சேர்த்துச் சொன்னால் கேட்பார்கள். ஆகவே அந்தப் பலகையில் ஒரு வரைபடமும் வேண்டும்: நடக்கவும் உட்காரவும் ஏற்ற இடம், உயிர்காப்போர் இருக்கும் இடம், எந்நாளும் இறங்கவே கூடாத கழியின் வாய், ஏறவே கூடாத பாறை. மராத்தி, இந்தியோடு தமிழ், உருது, குஜராத்தியும் இருக்கட்டும். தமிழ் வாசகங்களை நாங்களே இலவசமாக எழுதித் தருகிறோம்.

தீயணைப்புப் படையின் பொறுப்பில் இருக்கும் உயிர்காப்போர் இன்று கிர்காவ், தாதர், ஜுஹு, வெர்சோவா, அக்சா, கோராய் கடற்கரைகளில் பணி செய்கிறார்கள். வெயிலிலும் மழையிலும் நின்று, அடுத்தவர் பிள்ளைக்காகத் தண்ணீரில் பாயும் அந்த இளைஞர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். மார்வேயிலும் எரங்கலிலும் தானாபானியிலும் சனி, ஞாயிறு, அமாவாசை, பௌர்ணமி, அரசு விடுமுறை நாட்களிலாவது ஆள் வேண்டும். அக்சாவில் நன்றாக இருட்டி மக்கள் கலையும் வரை வேண்டும். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையில்தான் இறங்க வேண்டும் என்பதும், இரட்டைச் சிவப்புக் கொடி என்றால் கடல் மூடப்பட்டது என்பதும் எங்கள் மக்களுக்குத் தெரியாது. ஒலிபெருக்கியில் தமிழிலும் ஒரு முறை சொன்னால் போதும், கூட்டத்தில் பத்து பேர் அதைத் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

கயிறு கட்டிய மிதவை வளையங்களைக் கரையில் கம்பம் நட்டு, பூட்டாமல் தொங்கவிட வேண்டும். மாநகராட்சியின் 1916, தீயணைப்புப் படையின் 101, ஆம்புலன்ஸ் 108, கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய எண்களை அதே கம்பத்தில் எழுதினால், பதற்றத்தில் யாரைக் கூப்பிடுவது என்று தேட வேண்டாம். மழைக்காலத்தில் கரை ஒதுங்கும், கொட்டக்கூடிய நீலநிற ஜெல்லி மீன்களைப் பிள்ளைகள் கையில் எடுத்து விளையாடுகிறார்கள். அதற்கும் ஒரு படம் போட்டுவிடுங்கள்.

தர்ப்பணத்துக்கு வருகிறவர்களைத் தடுக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கயிறு கட்டி எல்லை போட்ட ஓர் இடமும், அந்த நாளின் ஏற்றத்தைப் பார்த்து முடிவுசெய்த நேரமும் கொடுத்தால், எங்கள் இளைஞர்கள் காலையிலிருந்து அங்கே நின்று பெரியவர்களைக் கைப்பிடித்து அழைத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவருவார்கள். கடல் மோசமாக இருக்கும் ஆடியில் வால்கேஷ்வர் பாணகங்கா குளத்துக்குப் போகலாம் என்று எங்கள் கோயில்களிலும் சொல்லத் தொடங்குகிறோம். எங்கள் வீட்டுத் தினசரி நாள்காட்டியிலேயே திதி இருக்கிறது. நல்ல காரியத்துக்கு நாம் தவிர்க்கும் அஷ்டமி, நவமியை ஒட்டித்தான் கடலின் ஏற்ற இறக்கம் குறைவு. மழைக்காலம் நீங்கலாகப் பிள்ளைகளை அழைத்துப் போக அந்த நாட்கள்தான் மேல். இதையும் கோயில் பலகையில் எழுதப்போகிறோம்.

கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் 2024 மே மாதம் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் கடலோடு போனார்கள். கடல் சீற்றம் குறித்து அப்போது எச்சரிக்கை வெளியாகியிருந்தது. படித்தவர்கள், வயதில் இளையவர்கள். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் தெருவில் குமரி மாவட்டத்து வீடுகளில் அடுப்பு எரியவில்லை. எச்சரிக்கை இருப்பது வேறு, அது உரிய நேரத்தில் உரிய ஆளின் காதில் விழுவது வேறு.

ஜூன் மாதம் மழை தொடங்கும் முன் பேருந்து நிறுத்தப் பலகையையாவது வைத்துத் தரும்படியும், ஆடி அமாவாசை ஏற்பாடு குறித்துப் பேச எங்கள் பிரதிநிதிகள் ஐவருக்குத் தங்கள் அலுவலகத்திலோ பி வடக்கு வார்டு அலுவலகத்திலோ நேரம் ஒதுக்கும்படியும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மால்வணி தமிழ்க் குடும்பத்தினர்
(கையெழுத்துகள் தனித்தாளில்)

இடம்: மலாட் மேற்கு, மும்பை
இணைப்பு: மராத்தி மொழிபெயர்ப்பு, பலகை வைக்க ஏற்ற இடங்களின் கைவரைபடம், தமிழ் வாசகங்களின் மாதிரி